மூன்று சதுரங்களும் ஒரு சபையும்: அபுல் வஃபா அல்-பூஸ்ஜானியின் கணக்கு



முஸ்லிம் அறிஞர்களின் பொற்காலம் பற்றி நம் மேடைகளில் அடிக்கடி பேசப்படுகிறது. அல்-குவாரிஸ்மி, இப்னு ஸீனா, இப்னுல் ஹைதம், அல்-பிரூனி என்று பெயர்கள் வரிசையாக வருகின்றன. கேட்போர் மாஷா அல்லாஹ் சொல்கின்றனர்; கூட்டம் கலைகிறது. வீட்டுக்குத் திரும்பியபின், அவர்கள் செய்த வேலை இன்னது என்று பிள்ளை விளக்கம் கேட்டால் நம்மில் பலர் விழிக்கிறோம். ஆகவே இம்முறை ஒரே ஓர் அறிஞரை, அவர் தீர்த்துவைத்த ஒரே ஒரு கணக்கை எடுத்துக்கொண்டு, அதை இறுதிவரை பார்த்துவிடுவது என்று எண்ணினோம். கணக்கு எளிதாகத்தான் தோன்றும். ஒரே அளவுள்ள மூன்று சதுரங்கள் இருக்கின்றன. ஒரு துணுக்கும் வீணாகாமல், ஓர் இடைவெளியும் விழாமல் அவற்றை வெட்டிச் சேர்த்து ஒரே பெரிய சதுரமாக்க வேண்டும்.

நாம் சொல்லவரும் அறிஞர் அபுல் வஃபா அல்-பூஸ்ஜானி. குராசான் பகுதியின் பூஸ்ஜான் என்னும் ஊரில் ஹிஜ்ரி 328, ரமளான் முதல் பிறையன்று (கி.பி. 940) பிறந்தவர். கணக்கை அவருக்கு முதலில் கற்பித்தோர் குடும்பத்துப் பெரியவர்களே; தந்தையின் உடன்பிறந்தார் ஒருவரிடமும் தாய்மாமனிடமும் அவர் பாடம் கேட்டார். 959இல் பக்தாதுக்கு வந்து, 998 வாக்கில் மறையும்வரை அந்நகரிலேயே பணியாற்றினார். அப்பாஸியக் கலீஃபாக்கள் பெயரளவில் இருக்க, ஆட்சியை புவைஹ் குலத்தார் நடத்திய காலம் அது. அக்குலத்தின் ஷரஃபுத் தௌலா 988இல் பக்தாதில் அமைத்த வானாய்வுக் கூடத்தில் அபுல் வஃபாவும் ஒருவராக இருந்தார். 997 மே மாதத்தில் நிகழ்ந்த சந்திர கிரகணத்தை அவர் பக்தாதிலிருந்தும், இளைஞரான அல்-பிரூனி குவாரிஸ்மின் காத் நகரிலிருந்தும் முன்னேற்பாட்டுடன் நோக்கிக் குறித்தனர். இரு குறிப்புகளின் நேர வேறுபாட்டைக் கொண்டு இரு நகரங்களின் தீர்க்கரேகை வேறுபாட்டைக் கணித்தனர். தொலைபேசியோ தந்தியோ இல்லாத காலத்தில், நெடுந்தூரம் பிரிந்திருந்த இருவர் ஒரே இரவில் ஒரே நிலவைப் பார்த்துக் கணக்கிட்ட செய்தி இது. இதை விரித்தால் தனிக் கட்டுரையாகும், இங்கே நிறுத்திக்கொள்கிறோம்.

அவருடைய நூல்களில் இரண்டின் தலைப்புகள் ஒரே அச்சில் வார்த்தவை. ஒன்று, எழுத்தர்களுக்கும் அரசு அலுவலர்களுக்கும் கணிதத்தில் தேவைப்படுவன பற்றியது. மற்றொன்று, கைவினைஞருக்கு வடிவியலில் தேவைப்படுவன பற்றியது. முதல் நூலில் அவர் இந்திய எண்குறிகளைப் பயன்படுத்தவில்லை. எண்கள் அனைத்தையும் சொற்களாலேயே எழுதினார். அவற்றை அறியாதவர் அல்லர். அவருடைய வாசகர்களான எழுத்தர்கள் விரல்விட்டும் மனத்தாலும் கணக்கிட்டுப் பழகியவர்கள். அவர்களுக்குப் புரியும் வழியில் சொல்ல வேண்டும் என்பதே அவருடைய நோக்கம். யாருக்காக எழுதுகிறோம் என்பதை மறவாத அந்தப் பண்பே இரண்டாம் நூலிலும் தெரிகிறது. அந்நூல் அவருடைய இறுதிக் காலத்தில், 990ஆம் ஆண்டுக்குப் பின்னர் எழுதப்பட்டதாக ஆய்வாளர்கள் கருதுகின்றனர். அது மட்டப்பலகை, கவராயம், மூலைமட்டம் ஆகிய கருவிகளிலிருந்து தொடங்குகிறது. கையில் உள்ள மூலைமட்டம் உண்மையிலேயே செங்கோணமாக இருக்கிறதா என்று சோதிப்பது எப்படி என்பதையும் சொல்கிறது. விரிவை மாற்றாத ஒரே கவராயத்தைக் கொண்டு உருவங்கள் வரையும் வழிகளும் அதில் உண்டு. இவை பட்டறையில் நின்று பார்த்த ஒருவருக்கே தோன்றும் அக்கறைகள்.

அந்நூலில்தான் நம் மூன்று சதுரங்கள் வருகின்றன. வடிவியல் அறிஞர்களும் கைவினைஞர்களும் ஒன்றாக அமர்ந்த சபைகளில் தாமும் இருந்ததாக அபுல் வஃபா எழுதுகிறார். மூன்று சதுரங்களிலிருந்து ஒரு சதுரம் அமைப்பது எப்படி என்ற கேள்வி அங்கே எழுந்தது.

அறிஞர்களுக்கு இது நொடிப்பொழுது வேலை. சிறு சதுரத்தின் பக்கம் ஒன்று எனில், அதன் மூலைவிட்டம் இரண்டின் வர்க்கமூலம். அந்த மூலைவிட்டத்தின் முனையில் செங்குத்தாக ஒன்று என்னும் நீளத்தை நிறுத்தி, இரு முனைகளையும் இணைத்தால் கிடைக்கும் கர்ணம் மூன்றின் வர்க்கமூலம், ஏறத்தாழ 1.732. அதையே பக்கமாகக் கொண்டு சதுரம் வரைந்தால் அதன் பரப்பு மூன்று. நிரூபணமும் முடிந்தது.

கைவினைஞர்களோ நிறைவடையவில்லை. அவர்கள் கேட்டது கோடு அல்ல. கையில் உள்ள மூன்று பலகைகளை, அல்லது மூன்று கல் துண்டுகளை எங்கே வெட்டி, எதை எங்கே பொருத்துவது என்பது. காகிதத்தில் சரியான நீளம் கிடைத்துவிட்டதால் மரம் தானாக வெட்டிக்கொள்ளாது. நம் வீட்டில் வேலை செய்யும் ஆசாரியிடம் மூன்றின் வர்க்கமூலத்தைச் சொல்லிப் பார்த்தால் அவர் முகத்தில் தோன்றும் குறிப்பு, அன்று பக்தாதிலும் தோன்றியிருக்கும்.

கைவினைஞர்களிடம் அவர்களுக்கென்று சில வழிகள் இருந்தன. அவற்றையும் அபுல் வஃபா ஒதுக்கிவிடாமல் எடுத்துச் சோதிக்கிறார். ஒரு வழியில் வெட்டிச் சேர்த்தபோது கோணங்கள் நேராகவும், பக்கங்கள் சமமாகவும் தோன்றின. பார்ப்பவர் எவரும் சதுரம் என்றே சொல்வர், அது சதுரமும்தான். பிழை அளவில் இருந்தது. அதன் பக்கம், ஒரு சிறு சதுரத்தின் பக்கமும் அதன் மூலைவிட்டத்தில் பாதியும் சேர்ந்த நீளம் என்று அவர் காட்டுகிறார். அதாவது 1.707. வேண்டியதோ 1.732.

இந்த வேறுபாடு எவ்வளவு என்று நாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். 20 செ.மீ. பக்கமுள்ள மூன்று ஓடுகளை எடுத்துக்கொண்டால், சரியான பெரிய சதுரத்தின் பக்கம் 34.64 செ.மீ.; கைவினைஞரின் சதுரம் 34.14 செ.மீ. அரை சென்டிமீட்டர்தான் குறைவு. பரப்பில் பார்த்தால் மூன்று சதுரங்களுக்குப் பதிலாக ஏறத்தாழ 2.914 சதுரமே கிடைக்கிறது; நூற்றில் கிட்டத்தட்ட மூன்று பங்கு எங்கோ போய்விட்டது. எங்கே போயிற்று? துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிய இடங்களில் செதுக்கித் தள்ளப்பட்டிருக்கும். உளியின் கீழ் உதிர்ந்த தூள் என்று அதை எவரும் பொருட்படுத்தியிருக்கமாட்டார்கள். அளவையிலும் நிறுவையிலும் குறைப்போரை எச்சரிக்கும் அல்-முதஃப்பிஃபீன் அத்தியாயம் நம் நினைவுக்கு வருகிறது. ஆனால் இங்கே யாரும் யாரையும் வஞ்சிக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். அந்த உஸ்தாதுகள் தம் கண்ணை நம்பினர். கண் அரை சென்டிமீட்டரை மன்னித்துவிட்டது. நல்ல எண்ணத்தோடு செய்த வேலையிலும் குறைவு நேரலாம் என்பதும், அதைக் கண்டுபிடிக்க எண்ணம் மட்டும் போதாது, நிரூபணம் வேண்டும் என்பதும் அபுல் வஃபாவின் நிலைப்பாடு.

அவர் இரு தரப்பையும் விட்டுவைக்கவில்லை. அறிஞருக்கு நிரூபணம் தெரியும், ஆனால் கைப்பழக்கம் இல்லாததால் செய்துகாட்ட இயலாமல் தடுமாறுகிறார். கைவினைஞருக்குக் கை பழகியிருக்கிறது, ஆனால் கண்ணுக்குச் சரியாகப்பட்டால் போதும் என்று நிரூபணத்தைத் தேடாமல் விட்டுவிடுகிறார். இருவரும் தவறுகின்றனர் என்பது அவர் கூற்றின் சாரம். சொன்னதோடு நில்லாமல், இருவரும் ஏற்றுக்கொள்ளக்கூடிய வழியையும் தந்தார்.

அந்த வழியை இப்போது காண்போம். கத்தரிக்கோலும் மூன்று சதுரக் காகிதங்களும் இருந்தால் பிள்ளைகளோடு உட்கார்ந்து செய்துபார்க்கலாம். படிப்பதைவிடச் செய்தால் எளிதில் விளங்கும்.

இரண்டு சதுரங்களை எடுத்து, ஒவ்வொன்றையும் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு வெட்டுக. நான்கு முக்கோணங்கள் கிடைக்கும். மூன்றாவது சதுரத்தை வெட்டாமல் நடுவில் வைக்க வேண்டும். இனி ஒவ்வொரு முக்கோணத்தின் நீண்ட பக்கத்தையும் நடுச்சதுரத்தின் ஒரு பக்கத்தோடு ஒட்டி வைக்க வேண்டும்; முக்கோணத்தின் கூர்முனை ஒன்று சதுரத்தின் மூலையில் சரியாக இருக்கட்டும். முக்கோணத்தின் நீண்ட பக்கம் 1.414, சதுரத்தின் பக்கம் 1. ஆகவே மறுமுனை சதுரத்தைத் தாண்டி 0.414 அளவு நீட்டிக்கொண்டிருக்கும். நான்கு முக்கோணங்களும் ஒரே திசையில் நீட்டிக்கொண்டிருக்குமாறு சுற்றி வைத்தால், பிள்ளைகள் ஓலையில் செய்யும் காற்றாடி போல் ஓர் உருவம் வரும். இதைப் பார்த்து யாரும் சதுரம் என்று சொல்லமாட்டார்கள்.

இப்போது நான்கு முக்கோணங்களின் செங்கோண முனைகளை மட்டும் நேர்கோடுகளால் இணைக்க வேண்டும். நான்கு கோடுகளால் ஒரு பெரிய சதுரம் பிறக்கும். ஒவ்வொரு கோடும், நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியை அதன் நடுப்புள்ளியில் கடந்து, ஒவ்வொரு முக்கோணத்திலிருந்தும் ஒரு மெல்லிய நீண்ட துண்டைக் கோட்டுக்கு வெளியே தள்ளுகிறது. அதே கோட்டின் உட்புறத்தில், அதே நடுப்புள்ளியின் மறுபக்கம், அச்சு அசலாக அதே வடிவத்தில் ஓர் இடைவெளி இருக்கும். வெளியே நின்ற துண்டை வெட்டி, அந்தப் புள்ளியைப் பிடித்துக்கொண்டு அரைச்சுற்றுச் சுற்றினால் அது இடைவெளிக்குள் போய் அமர்ந்துவிடும். நான்கு இடங்களிலும் அப்படியே. நடுச்சதுரம் ஒன்று, பெரிய துண்டுகள் நான்கு, மெல்லிய துண்டுகள் நான்கு. ஆக 9 துண்டுகளில் வேலை முடிந்தது. மிச்சமும் இல்லை, இடைவெளியும் இல்லை.

இது சரிதானா என்று அறிஞர் கேட்பார். அவருக்கும் விடை உண்டு. அடுத்தடுத்த இரண்டு செங்கோண முனைகளுக்கிடையே, நடுச்சதுரத்தின் ஒரு பக்கத் திசையில் அளந்தால் தூரம் 1. அதற்குச் செங்குத்தான திசையில் அளந்தால் 1.414, அதாவது இரண்டின் வர்க்கமூலம். ஒன்றின் வர்க்கமும் இரண்டும் சேர்ந்தால் மூன்று. ஆகவே பெரிய சதுரத்தின் பக்கம் மூன்றின் வர்க்கமூலமே. சபையில் அறிஞர் வரைந்த அதே நீளம், இப்போது கைவினைஞரின் பலகையில் வந்து உட்கார்ந்துவிட்டது.

மூன்று என்னும் எண்ணை ஏன் எடுத்தார்கள் என்பதையும் சொல்லிவிடுவோம். நான்கு, ஒன்பது, பதினாறு சதுரங்கள் என்றால் வெட்டவே வேண்டாம். வரிசையாக அடுக்கினால் போதும். இரண்டு வர்க்க எண்களின் கூட்டுத்தொகையாக வரும் எண்களுக்கும் ஒரே மாதிரியான வழி உண்டு. ஐந்தை எடுத்துக்கொள்வோம், அது நான்கும் ஒன்றும். இரண்டிரண்டு சதுரங்களைச் சேர்த்து இரு நீள்சதுரங்கள் ஆக்கி, அவற்றை மூலைவிட்டத்தில் வெட்டினால் நான்கு முக்கோணங்கள். மிஞ்சிய ஒரு சதுரத்தை நடுவில் வைத்து, முக்கோணங்களின் நீண்ட பக்கங்கள் வெளியே இருக்குமாறு சுற்றி அமைத்தால் பெரிய சதுரம் ஆகிவிடும். பதின்மூன்றும் அப்படியே: இரண்டுக்கு மூன்று என்ற அளவில் இரு நீள்சதுரங்கள், நடுவில் ஒரு சதுரம். பள்ளிக்கூடத்தில் நம் பிள்ளைகள் படிக்கும் பிதாகரஸ் தேற்றத்தின் படமே இது. மூன்றோ வர்க்க எண்ணும் அல்ல, இரு வர்க்க எண்களின் கூட்டுத்தொகையும் அல்ல. இந்த வழிகள் முதன்முதலில் முட்டி நிற்கும் இடம் அதுதான். சபையில் அந்தக் கேள்வியை எழுப்பியவர் யாராயினும், எங்கே தட்டினால் சுவர் வெறுமையாக ஒலிக்கும் என்று அறிந்து தட்டியிருக்கிறார்.

பிற்காலத்தில், 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில், மூன்று சதுரங்களை 6 துண்டுகளில் ஒன்றாக்கும் வழிகள் வெளியாயின. துண்டுகளைக் குறைப்பதே நோக்கம் என்றால் அவை மேலானவை. ஆயினும் அபுல் வஃபாவின் ஒன்பதில், நடுச்சதுரத்தின் நான்கு பக்கமும் ஒரே வேலை நடக்கிறது. எந்தப் பக்கம் திருப்பினாலும் உருவம் மாறுவதில்லை. சுவரிலோ மிம்பரின் பலகையிலோ பதிக்க நேர்ந்தால் நாம் இதையே தேர்ந்தெடுப்போம்.

வெட்டக்கூடாது என்ற நிபந்தனை வைத்தால் கணக்கு வேறாகிவிடுகிறது. ஐந்து சதுரப் பெட்டிகளை ஒரு பெரிய சதுரப் பெட்டிக்குள் வைக்க வேண்டும். பெரிய பெட்டி எவ்வளவு சிறியதாக இருக்கலாம்? வெட்டிச் சேர்த்தால் ஐந்தின் வர்க்கமூலமான 2.236 போதும். வெட்டாவிட்டால் நான்கு பெட்டிகளை நான்கு மூலைகளில் வைத்து, ஐந்தாவதை நடுவில் 45 பாகை சாய்த்து வைப்பதே மிகச் சிறந்த வழி, அதற்கு 2.707 வேண்டும். இரண்டு பக்கங்களும் மூலைவிட்டத்தில் பாதியும். பக்தாதின் கைவினைஞரைத் தவறச் செய்த அந்தப் பாதி மூலைவிட்டம் இங்கே சரியான விடையாக வந்து நிற்பது நமக்கு வியப்பாகவே இருக்கிறது. பதினொரு சதுரங்களுக்கு 1979இல் வால்டர் டிரம்ப் என்பவர் கண்ட அமைப்பில் பெரிய சதுரத்தின் பக்கம் ஏறத்தாழ 3.877, நடுவிலுள்ள சில சதுரங்கள் 40 பாகைக்குச் சற்று மேலாகச் சாய்ந்து கிடக்கின்றன. பார்ப்பதற்கு ஒழுங்கே இல்லாத அமைப்பு அது. இதைவிடச் சிறியது முடியாது என்ற நிரூபணம் இன்னும் வரவில்லை. பால் ஏர்டிஷும் ரொனால்ட் கிரஹாமும் 1975இல் இன்னொன்றைக் காட்டினர்: மிகப் பெரிய சதுரம் ஒன்றின் பக்கம் முழு எண்ணாக அமையாதபோது, சிறு சதுரங்களை வரிசை வரிசையாக அடுக்குவதைவிடச் சிலவற்றைச் சாய்த்து அடுக்குவதால் வீணாகும் இடம் வெகுவாகக் குறையும். அங்கேயும் கண்ணுக்கு நேராகத் தெரிவது சிறந்ததாக இல்லை.

மீண்டும் அந்தச் சபைக்கு வருவோம். வடிவியல் அறிஞரும் தச்சரும் கல் வெட்டுபவரும் ஒரே விரிப்பில் அமர்ந்து, ஒருவர் விடையை மற்றவர் மறுத்துப் பேசினர் என்பதே இந்த வரலாற்றில் நம்மை அதிகம் உறுத்துகிறது. நம் குடும்பங்களில் பொறியியல் படிக்கும் பிள்ளைக்கு ஒரு மரியாதை, பட்டறைக்குப் போகும் பிள்ளைக்கு வேறொரு மரியாதை. திருமணப் பேச்சில் அது வெளிப்படையாகவே வந்துவிடுகிறது. பள்ளிவாசல் கட்டும்போது வரைபடம் போட்டவரின் பெயர் கல்வெட்டில் ஏறுகிறது. மிஹ்ராபின் வளைவைக் கையால் திருத்திய கொத்தனாரின் பெயரை ஜமாஅத்தில் யாரும் கேட்பதில்லை. வரைபடத்தில் உள்ள தவறு அவருக்குத்தான் முதலில் தெரியவரும். அவருடைய கைப்பழக்கத்தில் உள்ள தவறு வரைபடக்காரருக்குத் தெரியவரும். இருவரும் பேசிக்கொள்ளாத இடத்தில் இரண்டு தவறும் சுவரோடு நின்றுவிடும். அறிவுத் துறைகளில் அரசவை வரை உயர்ந்த அபுல் வஃபா, தம் முதிய வயதில் இந்த நூலை எழுத உட்கார்ந்தது ஏன் என்று எண்ணிப் பார்த்தால், அந்தச் சபைகளில் கேட்ட வாக்குவாதம் அவரை விடவில்லை என்றே நமக்குத் தோன்றுகிறது.

அவருடைய நூல் பிழைத்திருக்கும் விதமும் கவனிக்கத்தக்கது. சமர்கந்தை ஆண்ட வானியல் அறிஞர் உலூக் பேக்கின் நூலகத்துக்காக எழுதப்பட்ட அரபுப் பிரதி ஒன்று இன்று இஸ்தான்பூலில், அயாசோஃபியா தொகுப்பில் உள்ளது. பாரசீக மொழிபெயர்ப்பின் பிரதி ஒன்று பாரிஸில் பிரான்ஸின் தேசிய நூலகத்தில் இருக்கிறது. அதைப் படித்து ஃபிரான்ஸ் வெப்கே 1855இல் எழுதிய ஆய்வின் வழியாகவே ஐரோப்பியர் இந்நூலை அறிந்தனர். பாரிஸ் பிரதியின் அதே கட்டுக்குள் இன்னொரு பாரசீகக் கையேடும் சேர்த்துத் தைக்கப்பட்டிருக்கிறது. அதை எழுதியவர் பெயர் இல்லை. உருவங்களை எப்படி வெட்டுவது, எப்படி ஒன்றோடொன்று பொருத்துவது என்பதற்கான படங்களும், பட்டறையில் பேசுவது போன்ற சுருக்கமான குறிப்புகளுமே அதில் நிறைந்திருக்கின்றன. சில இடங்களில் நிரூபணம் உண்டு. சில இடங்களில் தோராயமான அளவோடு விட்டுவிடுகிறது. பெயர் தெரிந்த அறிஞரின் நூலும் பெயர் தெரியாத கைவினைஞர் உலகின் குறிப்பேடும் ஒரே அட்டைக்குள் பல நூற்றாண்டுகளைக் கடந்து வந்திருக்கின்றன.